பழைய குடும்பப் படங்களில் சின்ன வயசைத் தேடுகிறவர்களுக்கு: வருஷம் கண்டுபிடிப்பது, பிரிப்பது, பத்திரப்படுத்துவது (புனைபெயர்களில் சிலர் பகிர்ந்த குறிப்புகள்)

மூலைஒட்டி:
ஆல்பத்தைத் திறந்ததும் பிடித்த படத்தை உருவி எடுத்துவிடுகிறோம். அங்கேதான் முதல் தப்பு. முன்னட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாகக் கைபேசியில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே பாதிச் சேதி. மொட்டை போட்ட குழந்தைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குளக்கரைப் படம் அநேகமாக அதே பயணத்தில் எடுத்தது. பிரித்துத் தனியாக வைத்துவிட்டால் அது எந்த ஊர்க் குளம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கறுப்புத் தாளில் மூலை ஒட்டி வைத்த ஆல்பத்தில் சிக்கல் குறைவு. படத்தை லேசாக வளைத்து ஒரு மூலையை விடுவித்தால் மற்றவை தானாக வரும். பாடாய்ப் படுத்துவது, எழுபது, எண்பதுகளில் பரவலாக இருந்த பசைக்கோடு ஆல்பம்தான்: கோடு கோடாகப் பசை தடவிய அட்டை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். பசை பழுத்து மஞ்சளாகிப் படத்தைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் நெம்பினால் படம் மடிந்து, அந்த வெள்ளைக் கீறல் அப்படியே நின்றுவிடும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலில், மெழுகு பூசாததாக ஒரு முழம் எடுத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுங்கள். நகரவில்லை என்றால் முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, அட்டையின் பின்பக்கம் பத்து இருபது விநாடி காட்டி, மறுபடி நூல். அப்படியும் வராவிட்டால் படத்தைச் சுற்றி அட்டையோடு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அட்டை போனால் போகட்டும். பசை இளக எண்ணெய் தடவச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள், கறை தாளுக்குள் இறங்கிவிடும்.

ரோல்36:
வருஷம் கண்டுபிடிப்பது பற்றி. முகத்தைப் பார்த்து ஊகிக்கும் முன் படத்தைத் திருப்புங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தைய முத்திரை. விலையை அணாவில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன்னால், ஏனென்றால் அந்த வருஷம் ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. ஓரம் ரம்பப் பல் போல வெட்டியிருந்தால் பொதுவாக ஐம்பது, அறுபதுகள். தாளின் பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழவழவென்றிருந்தால் எழுபதுகளோ அதற்குப் பிறகோ.

பள்ளிக்கூட குரூப் போட்டோதான் புதையல். முன்வரிசைப் பிள்ளைகளின் காலடியில் வைத்த சிலேட்டில் வகுப்பு, பிரிவு, வருஷம் எல்லாம் இருக்கும். சாக்பீஸ் எழுத்து அழிந்திருந்தாலும் துப்பு உண்டு. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. என்று தெரிந்தால் பிளஸ் டூ வருவதற்கு முந்தைய காலம். தமிழ்நாட்டில் 1978-ல்தான் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அதே 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணையும் வந்தது. பின்னணியில் இருக்கும் பெயர்ப்பலகையில் லை, னை இன்றைய வடிவில் இருந்தால் அநேகமாக அதற்குப் பிறகு. எதிர்த்திசையில் கணக்குப் போடாதீர்கள்: கொம்பு வைத்த பழைய லை எழுதிய பலகைகள் எண்பதுகளிலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

ஸ்கூட்டரோடு நிற்கும் படத்தில் நம்பர் பிளேட் பாருங்கள். மாநிலக் குறியோடு 01, 45 என்று வட்டார எண்ணும் சேர்ந்து வருவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தை ஒட்டி வந்த முறை. அதற்குமுன் மூன்று எழுத்தும் அதன்பின் எண்ணும்தான். வண்டி யாருடையது என்பது வேறு விஷயம். ஸ்டூடியோ வாசலில் நின்றிருந்த வண்டியில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வது சாதாரணம்.

மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்த தேதியை நம்பிவிடாதீர்கள். பேட்டரி மாற்றியபின் தேதி சரிசெய்யாத கேமராக்கள் ஏராளம். சித்திரைத் திருவிழாப் படத்தில் ஜனவரி 1 என்று இருந்தால் வருஷத்தையும் தள்ளிவிடுங்கள்.

கேபினட்சைஸ்:
வலது இடது மாறிய படங்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல ஆகிவிடும். பிறகு 'அப்பாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில்' என்று வீட்டில் சண்டை. சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறதா, தாவணி இடது தோளில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டும் வலப்பக்கம் என்றால் படம் திரும்பியிருக்கிறது. மடிசார் கட்டிய பாட்டியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஐயர் வீட்டுக் கட்டில் தலைப்பு வலது தோளில்தான் வரும். மஞ்சள் நீராட்டுப் படங்களில் பூ தைத்த ஜடை தெரியப் பின்னால் கண்ணாடி வைத்து எடுப்பார்கள். அந்தக் கண்ணாடிக்குள் தெரியும் எழுத்தை இடவலம் மாறாமல் நேராகப் படிக்க முடிந்தால், முழுப் படமும் தப்பு.

குழந்தையின் வயசுக்குப் பல் நல்ல சாட்சி. கீழ் முன்பற்கள் விழுவது சுமார் ஆறு, ஏழு வயதில், மேல் முன்பற்கள் அதை ஒட்டி. குப்புறப் படுத்துத் தலை தூக்கியிருக்கும் ஸ்டூடியோ படம் என்றால் நாலு முதல் ஆறு மாதம்.

பெரியவர்களிடம் 'இது எந்த வருஷம்' என்று கேட்டால் ஒரு வருஷம் சொல்வார்கள், அடுத்த வாரம் இன்னொன்று. 'அப்போ எந்த வீட்டில் குடியிருந்தோம்?', 'சித்தி கல்யாணம் ஆகிவிட்டதா?', 'தம்பி வயிற்றில் இருந்தானா?' என்று கேளுங்கள். ஒரே அமர்வில் பதினைந்து இருபது படத்துக்கு மேல் காட்டினால் சலித்துவிடும், எல்லாவற்றுக்கும் 'ஆமா ஆமா' வரும்.

சுவர்ஆணி:
ஃபிரேம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிப்போவது நம் ஊர் ஈரத்துக்கு மிகச் சகஜம். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டு இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்த நிலையில் இழுத்தால் முகம் கண்ணாடியில், வெறும் தாள் கையில்.

முதலில் கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துவிடுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு விழாது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பது, பிளாஸ்டிக் பூச்சு இல்லாத தாளில் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மட்டும் முயலக்கூடியது. கையால் வண்ணம் தீட்டியது, மேலே மை எழுத்து உள்ளது, பூஞ்சை பிடித்துப் பொடியாக நிற்பது எதையும் நனைக்கக் கூடாது. பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் கரைந்தே போகும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். சித்திரை மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும், அந்தச் சூட்டில் பூச்சு கூழாகிவிடும். தட்டில் கண்ணாடி கீழே, தாள் மேலே இருக்கும்படி ஊறவிட்டு, அதுவாகக் கழன்று வரும்வரை காத்திருங்கள். என்னைக் கேட்டால், உலகத்தில் அந்த ஒரு பிரதிதான் உண்டு என்றால் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடியோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

நெகட்டிவ்பை:
கலர் லேப் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிண்ட்டை உருவிக்கொண்டு, கவரின் பின்பக்க அறையில் இருக்கும் நெகட்டிவைக் கவனிக்காமல் விடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஃபிலிம் ஓரத்தில் 1, 1ஏ, 2 என்று ஓடும் எண்களை வரிசைப்படுத்தினால் அந்த நாள் எப்படிப் போனது என்று தெரிந்துவிடும்: காதுகுத்து முதலில், பந்தி பிறகு, தாத்தா வந்தது கடைசியில். ஆல்பத்தில் ஏறாத படங்களும் அதில்தான். கண் மூடிவிட்டது, கோணலாக விழுந்தது என்று ஒதுக்கியவற்றில்தான் பழைய வீட்டுத் திண்ணையும் அடுப்படியும் தெரியும்.

ஸ்கேன் அளவு: சாதாரணப் பிரிண்ட்டுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. நாலுக்கு ஆறு அங்குலப் படம் அதில் 2400க்கு 3600 புள்ளியாக வரும், சுருக்காத டிஃப் கோப்பு 26 எம்பி அளவில். கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் 120 ரோலில் பன்னிரண்டு படம் எடுத்து, நெகட்டிவ் அளவிலேயே போட்ட சின்னப் பிரிண்ட் என்றால் 1200 வையுங்கள். 35 மிமீ நெகட்டிவுக்கு 2400க்குக் குறையக் கூடாது. 'ஆட்டோ கலர்', 'தூசி நீக்கு' இரண்டையும் அணையுங்கள். தூசி நீக்கி சிலசமயம் மூக்குத்தியையும் நீக்கிவிடும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அதே எண்ணோடு 'பின்' என்று சேர்த்துப் பெயர் வையுங்கள்.

எழுபது, எண்பதுகளின் கலர்ப் படம் சிவந்து போயிருந்தால், அது வெயில் பட்டதால் என்று நினைக்காதீர்கள். இருட்டுப் பீரோவில் இருந்தாலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும், மிஞ்சுவது சிவப்பு. நிறம் சரிசெய்வதை நகலில் செய்யுங்கள், மூலக் கோப்பு சிவப்பாகவே இருக்கட்டும்.

ரோல்36:
பதிமூன்று முதல் பதினேழு வயசுவரை ஒரு படமும் இல்லை என்று நிறையப் பேர் தேடுகிறார்கள். சொந்த ஆல்பத்தில் இருக்காது. ஒன்றுவிட்ட அக்காவின் கல்யாண ஆல்பத்தில் பந்தி பரிமாறும் வரிசையைப் பாருங்கள். மணமேடைக்குப் பின்னால் தூணோரம் பாருங்கள். ஹால் டிக்கெட்டும் பஸ் பாஸும் எங்கேயாவது மிஞ்சியிருக்கலாம். அதில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படத்தின் மேல் முத்திரை பாதி விழுந்திருக்கும். அந்த முத்திரையில் வருஷமும் இருக்கும், ஆகையால் படத்தைத் தாளிலிருந்து பிரிக்க வேண்டாம்.

மூலைஒட்டி:
பின்னால் பெயர் எழுத பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும். பழைய தாளுக்கு மிருதுவான பென்சில், கண்ணாடி மேஜையில் வைத்து, ஓரமாக. வழவழத் தாளில் பென்சில் பிடிக்காது. அதைக் காகித உறையில் போட்டு, உள்ளே போடும் முன்பே உறைமேல் எழுதிவிடுங்கள்.