புதுப்பிப்பு: சிற்றிதழின் பின்பக்கம் தலைகீழாக அச்சானது சரியாகிவிட்டது

வீட்டு பிரிண்டரில் 28 பக்கச் சிற்றிதழ் அச்சடித்தபோது, தாளின் மறுபக்கம் மட்டும் தலைகீழாக வருகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். இதழ் முடிந்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இருபக்க அச்சில் தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஏ4 தாளைக் குறுக்கே மடித்து ஏ5 இதழாக்குவதால் நீண்ட விளிம்பில் திருப்பக் கூடாது. பக்க வரிசையைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு: தாளின் ஒரே பக்கத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 29. முதல் தாளில் 28-ம் 1-ம், அதன் பின்னால் 2-ம் 27-ம்.

பின் அடிக்க ஸ்டேப்ளர் நடுமடிப்புவரை எட்டவில்லை. அதை முழுதாக விரித்து, இதழைத் தடித்த அட்டைமேல் வைத்து முதுகுப் பக்கத்திலிருந்து குத்தினேன். அப்புறம் இதழை அட்டையிலிருந்து மெல்ல உருவி, உள்ளே நீட்டிய கம்பிக் கால்களைக் கரண்டியின் அடிப்பக்கத்தால் மடக்கினேன். நன்றாகப் பிடித்திருக்கிறது.

எதிர்பாராதது இதழின் மேலட்டைதான். மடித்த இடத்தில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரிந்தது, மனசே கேட்கவில்லை. காகிதத்தின் இழை பெரும்பாலும் ஏ4 தாளின் நீளவாக்கில் ஓடும். நாம் அதற்குக் குறுக்கே மடிக்கிறோம். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோல் வைத்து அழுத்திக் கோடு போட்டு மடித்தேன். மீதிப் பிரதிகளில் அந்த வெடிப்பு இல்லை.