கடைசி பில்லில் 'இனி பாக்கி இல்லை' என்று எழுதிக் கொடுக்கலாமா?

கொத்தனார் மகன்:
வணக்கம். ஒரு பேரூராட்சியில் 340 மீட்டர் மழைநீர் வடிகால் எடுத்தேன், 18.60 லட்சம். எஸ்டிமேட்டில் சாதாரண மண் என்றுதான் போட்டிருந்தார்கள். தோண்டினால் 90 மீட்டருக்குப் பாறை. ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்த்துவிட்டு, "நீங்க உடைச்சுப் போடுங்க, எக்ஸ்ட்ரா ஐட்டத்துல சேர்த்துக்கலாம்" என்றார். பக்கத்தில் வீடுகள், வெடி வைக்க முடியாது. கம்ப்ரசர் வாடகைக்கு எடுத்துப் பதினொரு நாள் உடைத்தோம். அந்தச் செலவு மட்டும் 1.40 லட்சம்.

2023 ஆகஸ்டில் வேலை முடிந்தது. அந்த ஏ.இ. மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் "ஆர்டர் எழுத்துல இருக்கா?" என்கிறார். இப்போது டெண்டர் பாக்கி 6 லட்சம் தருகிறார்களாம், ஆனால் "முழுத் தொகையும் பெற்றேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். போட்டுவிடலாமா? உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருக்கிறது, சிறுதொழில் சட்டத்தில் போனால் மூன்று மடங்கு வட்டி கிடைக்கும் என்கிறான் நண்பன்.

பழைய ஓவர்சியர்:
தம்பி, கையெழுத்து அப்புறம். முதலில் எம்.புக், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். பாறை அளவு அதில் ஏறியிருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவே இல்லை போலிருக்கிறது! தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, சான்றிட்ட நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. வாயால் சொன்னதை மறக்கிற ஏ.இ.கூட அளவைக் குறித்துவைத்திருப்பார். கம்ப்ரசர் ரசீது, கல் ஏற்றிய டிராக்டர் நடைக் கணக்கு, போனில் எடுத்த படம் எல்லாம் தேடுங்கள். பாறை எங்கேயும் ஓடிப்போகாது. வடிகாலை ஒட்டி ஒரு குழி வெட்டினால் சாட்சி அங்கேயே கிடக்கும்.

சிவில் வக்கீல்:
அப்படியே எழுதிக் கொடுக்காதீர்கள். "எதிர்ப்புடன் பெறுகிறேன், பாறை உடைத்த தொகை நிலுவை" என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள். அதற்கு விடவில்லை என்றால், நிர்ப்பந்தத்தில் போட்டேன் என்று மறுநாளே ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மிரட்டி வாங்கிய ரசீது வழக்கை முடித்துவிடாது என்று 2008 போகாரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நிர்ப்பந்தம் இருந்ததை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுத்து ஆர்டர் இல்லாதது பெரிய குறைதான், ஆனால் கதை அதோடு முடியாது. ஒப்பந்தச் சட்டம் 70ஆம் பிரிவைப் படியுங்கள். வங்காளத்தில் அதிகாரி கேட்டதற்காகக் கிடங்கு, சமையலறை எல்லாம் கட்டிக்கொடுத்தது பி.கே. மொண்டல் நிறுவனம். முறையான ஒப்பந்தமே கிடையாது. இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அரசு அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்று 1961இல் தீர்ப்பு. உங்கள் அக்ரிமெண்டில் எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்குத் தனி விதி இருந்தால் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். தகராறை கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம், 2026 ஆகஸ்டைத் தாண்டவிடாதீர்கள். இன்னொரு கணக்கும் உண்டு. 6 லட்சமும் சேர்ந்து நிலுவையில் நின்றால் 3 லட்ச வரம்பைத் தாண்டி வணிக வழக்காகும், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத பட்சத்தில் முதலில் சமரச மையத்துக்குப் போயே ஆக வேண்டும். 6 லட்சத்தை வாங்கிவிட்டால் மிச்சம் 1.40 லட்சம்தானே, சாதாரண முன்சீப் கோர்ட். உத்யமை நம்பி இறங்காதீர்கள். கட்டுமான ஒப்பந்தத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று பம்பாய், டெல்லி உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் உள்ளன.

இன்னொரு காண்ட்ராக்டர்:
வக்கீல் சார் சொல்வது சரி. ஆனால் நான் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தவன். அடுத்த டெண்டருக்கும் அதே வாசலில்தானே நிற்க வேண்டும்?

கொத்தனார் மகன்:
நகல் வந்துவிட்டது. 47ஆம் பக்கம்: 'கடினப் பாறை, 61 கன மீட்டர்'. பழைய ஏ.இ. கையெழுத்து இருக்கிறது. ரேட் கட்டம் மட்டும் காலி. இன்று அந்தப் பக்கத்தை இணைத்துச் செயல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையோடு தபால் அனுப்பினேன். வட்டிக்காரரிடம் ஒரு மாதம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.