மார்சியானோவை இன்றைய வீரர்களோடு எப்படி ஒப்பிடுவது?

1952 முதல் 1956 வரை ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலகச் சாம்பியனாக இருந்த ராக்கி மார்சியானோவை, இக்கால ஹெவிவெயிட் வீரர்களான உசிக், ஃபியூரி ஆகியோரோடு ஒப்பிட முயன்று ஒரு வாரமாகத் திணறுகிறேன். 49 போட்டிகளிலும் வெற்றி, அவற்றில் 43 நாக் அவுட் என்ற கணக்கை முதலில் எடுத்துப் பார்த்தேன். எதிராளிகளே வேறு என்பதால் அது உதவவில்லை. அடுத்து உடலளவு: ஏறத்தாழ 85 கிலோ எடையுள்ள அவர், இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே 90.7 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட் பிரிவில்தான் இறங்கியிருப்பார், 206 செ.மீ. உயர ஃபியூரிக்கு முன்னால் 180 செ.மீ.கூட இல்லாதவர். பிறகு, பிலடெல்ஃபியாவில் 1952 செப்டம்பரில் அப்போதைய சாம்பியன் வால்காட்டுடன் மோதிய சண்டையின் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே வீழ்ந்து, புள்ளிகளிலும் பின்தங்கியிருந்த மார்சியானோ, 13ஆம் சுற்றில் கயிற்றோரம் வைத்து ஒரே வலக்கைக் குத்தில் முடித்தார். இன்றைய 12 சுற்று விதியில் அந்தச் சுற்றே வந்திருக்காது. என் குழப்பம் அங்கேதான் முற்றியது.

எடைப் பிரிவும் சுற்று எண்ணிக்கையும் மாறிவிட்ட நிலையில், இவ்விரு காலத்து வீரர்களையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது முறையாகும்?