சுண்டெலிக் கருவின் அண்ணம்: ஒட்டுகிறது, இணையவில்லை

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். 13.5 நாள் சுண்டெலிக் கருவின் அண்ணத் தட்டுகளை (நடுவில் இணைந்து வாயின் மேற்கூரையாகும் இரு மடிப்புகள்) விளிம்போடு விளிம்பு தொட வைத்து, 37 பாகையில் 72 மணிநேரம் வளர்க்கிறேன். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினோயிக் அமிலம் சேர்த்தால் அது இணைவைக் கெடுக்கும், சரி. ஆனால் அமிலமே சேர்க்காத தட்டுகளிலும் நடுத்தையல் (இரு விளிம்புகளும் ஒட்டும் இடத்தில் உள்ள செல் வரிசை, அது மறைந்தால்தான் இணைவு முழுமை) கரையவில்லை. சாயமிட்டுப் பார்த்தால் முன்னிருந்து பின்வரை ஊதாக் கோடு அப்படியே நிற்கிறது.

அமிலத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தைப் புதிதாக வாங்கினேன், சீரத்தை (இரத்த நிணநீர்) நிறுத்தினேன், ஊடகத்தை (தட்டுகள் வளரும் ஊட்டத் திரவம்) தினமும் மாற்றினேன். இன்கியூபேட்டருக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்ட்மேல் பழி போடவும் வழியில்லை. டிஜிஎஃப் பீட்டா 3 என்ற சமிக்ஞைப் புரதம் இல்லாத எலிகளிலும் இந்தத் தையல் கரையாதுதான். ஆனால் எங்களுடையவை சாதாரண எலிகள். ஊடகத்தில் உள்ள இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம் மீதுதான் சந்தேகம், அது விளிம்புச் செல்களைச் சாகவிடாது. ஆய்வே அதைப் பற்றியது என்பதால் அடியோடு நீக்க முடியாது.

முதல் 24 மணிநேரம் மட்டும் இஜிஎஃப் கொடுத்து நிறுத்தினால் தையல் கரையுமா, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?