கண்ணில் ஒட்டுண்ணி: நம் பக்கத்தில் பார்த்ததும் பட்டதும்

பாளையங்கோட்டை, லேப் டெக்னீஷியன்:

கண் நோய்களுக்கான ஆய்வகத்தில் நீண்ட காலமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் நோயாளியின் கண்ணைப் பார்ப்பார். கருவிழிப் புண்ணிலிருந்து அவர் சுரண்டி எடுத்துத் தருவதை நான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். வயலும் வாழைத்தோட்டமும் நிறைந்த பகுதி என்பதால் நம் பக்கம் பூஞ்சைப் புண்ணுக்குக் குறைவே இல்லை. நெல்தாள் குத்தியது, வாழைச்சருகு பட்டது, மாட்டு வால் அடித்தது என்று வருவார்கள். ஸ்லைடில் பூஞ்சை இழை பளிச்சென்று தெரியும். ஒட்டுண்ணி அப்படி அடிக்கடி கண்ணில் படாது. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் 1999 முதல் 2002 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிழிப் புண் நோயாளிகளைச் சோதித்தார்கள். அதில் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அகாந்தமீபா என்ற அமீபா நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. அவ்வளவு அபூர்வம் என்பதால் யாருக்கும் அது முதலில் நினைவுக்கு வருவதில்லை. நோயாளிக்கு நாள்கள் வீணாகின்றன. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன். உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அக்கா ஒருவர். பிசான நெல் நடவில் நாற்று முடியை உதறும்போது சேற்றுத் தண்ணீர் கண்ணில் தெறித்திருக்கிறது. வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவியிருக்கிறார். கண் சிவந்ததும் தெருவில் ஒரு ஆச்சி நாக்கால் தூசி எடுத்தார்; தாய்ப்பாலும் விட்டார்கள். அப்புறம் ஓரிடத்தில் ஹெர்ப்பிஸ் வைரஸ் புண் என்று மருந்து கொடுத்தார்கள். அது கேட்கவில்லை என்று மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். அது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. சிவப்பு கொஞ்சம் குறைந்தது, பிறகு வலி பல மடங்காகத் திரும்பியது. எங்களிடம் வந்தபோது ராத்தூக்கம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. புண்ணோ சிறியது. வலிக்கும் புண்ணின் அளவுக்கும் பொருத்தமே இல்லை என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அகாந்தமீபாவுக்கு அது முக்கியமான அடையாளம். நாள்பட்டால் புண்ணைச் சுற்றி வளையமாக வெண்மை படரும். அது வரும்வரை காத்திருக்கக் கூடாது.

சுரண்டி எடுத்ததை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்துப் பார்த்தேன். அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் இரட்டைச் சுவர் கூடுகள் தெரிந்தன. வெளிச்சுவர் சுருக்கம் விழுந்தது, உள்சுவர் பல கோணமாக மடிந்தது. வெள்ளை அணு எதையாவது பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதால் கால்கோஃப்ளூர் வைட் சாயம் சேர்த்து ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தோம். கூட்டின் சுவரில் செல்லுலோஸ் இருப்பதால் அது ஒளிரும். இன்னொரு பக்கம், சத்தே இல்லாத அகார் தட்டில் ஈ.கோலி பாக்டீரியாவைப் பரப்பி அதன் மேல் மாதிரியை வைத்தோம். அமீபா இருந்தால் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே நகரும். சில நாளில் அது போன தடம் தட்டில் தெரியும். தெரிந்தது. அமீபாவைக் கொல்லும் பிஎச்எம்பி சொட்டு மருந்தை மணிக்கொரு தடவை போட ஆரம்பித்தார்கள். மாதக்கணக்கில் போட வேண்டியிருந்தது. பார்வை முழுதாக வரவில்லை, ஆனால் கண் தப்பியது.

பாடப்புத்தகத்தில் இந்த நோயை கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களோடு சேர்த்தே படிக்கிறோம். இங்கே வருபவர்களில் பலர் லென்ஸைப் பார்த்தே இராதவர்கள். மண்ணும் கலங்கிய தண்ணீரும்தான் காரணம். பரிசோதனைச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் எனக்குப் போதாது. சேறு தெறித்ததா, எந்தத் தண்ணீரில் கழுவினார், இதுவரை என்ன சொட்டு போட்டார், இந்த மூன்றும் வேண்டும். அமீபா என்று சந்தேகம் இருந்தால்தான் ஈ.கோலி பரப்பிய தட்டையே எடுப்போம். கேட்காத பரிசோதனையில் கிருமி எப்படி அகப்படும்?

நாங்குநேரி பக்கம், ஒரு அம்மா:

அண்ணாச்சி, என் மகனுக்கு வந்தது வேறு மாதிரி. ஏழாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டால் குளம்தான். ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்றான். ‘மெட்ராஸ் ஐ’ என்று விட்டிருந்தோம். அப்புறம் உற்றுப் பார்த்தால் கருவிழிக்குப் பின்னால் கீழ்ப்பக்கம் ஜவ்வரிசி போல ஒரு வெள்ளைக் கட்டி. எனக்குக் கை கால் ஓடவில்லை. முதலில் பார்த்த இடத்தில் காசநோயாக இருக்கலாம் என்று நெஞ்சு எக்ஸ்ரே, கையில் ஊசி போட்டுப் பார்க்கும் டெஸ்ட் எல்லாம் எழுதினார்கள். அதில் ஒன்றும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவனிடம் நேராகக் கேட்டார்: “குளத்துல குளிப்பியாப்பா? முங்கி நீச்சலடிப்பியா? கூட குளிக்கிற பையங்களுக்கும் இப்படி இருக்கா?” அந்தக் கேள்வியோடு பாதி நோய் தெரிந்துவிட்டது. சொட்டு மருந்திலேயே கட்டி கரைந்தது. அது என்ன கட்டி என்று யாராவது விளக்கினால் மற்ற அம்மாக்களுக்கும் உதவும்.

தென்காசி, ஓய்வு பெற்ற கண் மருத்துவர்:

தாயே, அது தட்டைப்புழு வகை. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளிடம், குறிப்பாகக் குளத்திலும் ஆற்றிலும் குளிக்கும் பையன்களிடம் இந்தக் கட்டி வருவதை மதுரை அரவிந்த் மருத்துவர்கள் 2002-இல் எழுதினார்கள். கட்டியில் புழுவின் எச்சம் தெரிந்தது, எந்தப் புழு என்று தெரியவில்லை. 2016-இல் வெளியான ஆய்வில் மரபணுச் சோதனை மூலம் அது புரோசெரோவம் வேரியம் என்று காட்டினார்கள். பிள்ளைகள் குளித்த குளங்களின் நத்தைகளையும் சோதித்தார்கள். இந்தப் புழுவுக்கு மனிதன் தேவையே இல்லை. நத்தையில் வளர்ந்து, தண்ணீரில் நீந்தி, மீனுக்குள் போய், மீன் தின்னும் பறவையின் குடலில் முழு வளர்ச்சி அடையும். வழி தவறிய இளம்புழுதான் பிள்ளையின் கண்ணுக்குள் போகிறது. அங்கே அதனால் வளர முடியாது. உடம்பு அதைச் சுற்றிக் கட்டி கட்டிவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கட்டி சிறியதாக இருந்தால் ஸ்டீராய்டு சொட்டிலேயே கரையும். பெரியதென்றால் உறிஞ்சி எடுப்போம். கல்லிடைக்குறிச்சிப் பெண்ணுக்குக் கேடு செய்த அதே வகை மருந்து இந்தப் பையனுக்குக் குணம் தருகிறது. இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் சிவந்த கண்தான். நோய் எது என்று தெரியாமல் மருந்தை மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதனால்தான்.

சுரண்டை, காய்கறி வியாபாரம்:

எனக்கு ஒரு பக்க இமை வீங்கி, மேலே பார்த்தால் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஸ்கேனில் கண்ணை அசைக்கும் தசைக்குள் ஒரு நீர்க்கட்டி, அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை என்றார் டாக்டர். பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமாம். எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. சொந்தக்காரர்கள் பேசிய பேச்சில் மனசு வெறுத்துவிட்டது. டாக்டர்தான் என் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார்: சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வரும், கண்ணிலும் மூளையிலும் இந்தக் கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டை வாய்க்குள் போவதால். முட்டை மனித மலத்திலிருந்து மண்ணுக்கும், கழுவாத பச்சைக் காய்க்கும், கைக்கும் வரும். சைவம் சாப்பிடுபவருக்கும் வரலாம்.

மாத்திரை கொடுக்கும் முன்பு மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். செலவு என்று நான் தயங்கினேன். மூளையிலும் கட்டி இருந்தால், மாத்திரையில் புழு சாகும்போது வீக்கம் வந்து வலிப்பு வரலாம் என்றார். கண்ணுக்குள்ளே, விழித்திரைப் பக்கம் இருந்தாலும் மாத்திரையை முதலில் கொடுக்க மாட்டார்களாம், ஆபரேஷன் செய்து எடுப்பார்களாம். எனக்குத் தசையில் மட்டும் இருந்ததால் அல்பெண்டசோலும் கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது பார்வை ஒன்றாகத்தான் தெரிகிறது.

திசையன்விளை:

சுருக்கமாக என்னுடையதும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் மெல்லிய தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. என் மகள் போனில் வீடியோ எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிட்டது. வீடியோ இல்லையென்றால் நம்பியிருக்க மாட்டார்கள். மறுபடி தலை காட்டியபோது சொட்டு மருந்தில் மரக்க வைத்து உயிரோடு எடுத்தார்கள். டைரோஃபைலேரியா என்ற உருளைப்புழு என்றார்கள். நாயிடமிருந்து கொசு வழியாக வருவது. புழுவை எடுத்ததோடு சரி, வேறு மருந்து இல்லை.

பேட்டை, கல்லூரி மாணவி:

டாக்டர் ஐயா, அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். ரத்தத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான ஐஜிஜி (எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. வீட்டில் பூனை இருக்கிறது. பூனையை விட்டுவிட வேண்டுமா?

தென்காசி, ஓய்வு பெற்ற கண் மருத்துவர்:

பூனை இருக்கட்டும்மா, முதலில் விழித்திரையைப் பார்க்கச் சொல்லு. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் வாழ்நாளில் எப்போதோ அந்தக் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் பொருள். நல்ல பார்வையுள்ள எத்தனையோ பேருக்கு அது பாசிட்டிவ்தான். நெகட்டிவ் என்று வந்தால் அந்த நோய் இல்லை என்று ஓரளவு நம்பலாம். பாசிட்டிவ் அப்படி உதவாது. கண்மணியை விரித்துப் பார்க்கும்போது பழைய கறுத்த தழும்பும், அதன் ஓரத்தில் புதிய வெள்ளைப் புண்ணும் இருந்தால் டாக்டருக்கு அதுவே பேசும். சந்தேகம் தீரவில்லை என்றால் கண்ணுக்குள் இருக்கும் நீரில் ஒரு சொட்டு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வார்கள். கிருமி பூனையிடமிருந்து நேராகத்தான் வரும் என்றும் இல்லை. 2004–05-இல் கோயம்புத்தூரில் இந்த நோய் கூட்டமாக வந்தபோது குடிநீர் மீதுதான் சந்தேகம் போனது. வேகாத கறியிலும் வரும். பூனையின் மலத்தை அன்றன்றே அள்ளிக் கொட்டிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அம்மாவுக்கு முன்பு எப்போதாவது விழித்திரைப் படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். தழும்பு பழையதா புதியதா என்று ஒப்பிட அது போதும்.