போட்ட உடுப்பே பதிலானது உண்டா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல்காரி:
2018 தைப்பூசம். பத்துமலைக்கு அரைகுறையாக உடுத்தி வரும் இந்தியப் பெண்கள் மேல் ஸ்பிரே பெயின்ட் அடிப்போம் என்று முகநூலில் ஒரு கும்பல் கிளம்பியதே, அந்த வருசம். "முதுகு மூடின ரவிக்கையாப் போடு" என்றார் அம்மா. நான் வெள்ளை ரவிக்கை ஒன்றை எடுத்து, முதுகில் நானே சிவப்பு பெயின்ட் அடித்துப் போட்டுக்கொண்டு போனேன். அவனுங்களுக்கு வேலை மிச்சம்.

ஒருத்தனும் வரவில்லை. பாதிப் படி ஏறியிருப்பேன். பின்னால் வந்த ஒரு பாட்டி என் முதுகில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு. "எவன்டா இந்தப் புள்ள மேல அடிச்சது?" என்று ஒரு சத்தம். "நானேதான் பாட்டி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் மஞ்சள் துண்டை எடுத்து என் மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் பால்குடத்தோடு நின்ற பையனைப் பிடித்துத் திட்டினார். பதினேழு பதினெட்டு வயதுதான் இருக்கும். தலையில் குடத்தோடு அவன் "சாரி பாட்டி" என்றான்.

செய்யாததுக்கு ஏன் சாரி சொன்னான்? நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? இன்னும் விளங்கவில்லை. (அதே வருசம் ஆகஸ்டில் 272 படிக்கும் வண்ணம் அடித்துவிட்டார்கள். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியின் விரல்தான் ஞாபகம் வரும்.)

தொண்டர்படை:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். ஸ்பிரே அடிப்பேன் என்றவன் ரௌடி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கோயில் என்ன போராட்டம் பண்ணுகிற இடமா? பதினோரு வருசமாகத் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறேன். ஒரு தடவை ஒரு பொண்ணு ஓடிவந்து ஊக்கு கேட்டது, கூட்டத்தில் யாரோ ரவிக்கையை இழுத்துக் கிழித்துவிட்டானாம். நானே குத்திவிட்டு மோர் கொடுத்து அனுப்பினேன். எவன் என்று கேட்கவில்லை. அது இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது, இந்த உடுப்பு அரசியல் வெளிநாட்டுச் சரக்கு. 2011-இல் கனடா டொரொண்டோவில் ஒரு போலீஸ்காரர், பெண்கள் கண்டபடி உடுத்தாமல் இருந்தால் ஆபத்து வராது என்கிற மாதிரி பேசினார். அதற்கு அங்கே ஊர்வலம் போனார்கள். சரி, அது அவர்கள் ஊர்ப் பிரச்சினை. நம் பிள்ளைகளுக்குச் சேலையும் தாவணியும் இருக்கிறதே? பக்திக்கு என்று ஓர் ஒழுங்கு இருக்கிறதே? பெற்றவர்கள் வீட்டிலேயே சொல்லி அனுப்பினால் பாதிச் சிக்கல் இருக்காது.

பயான் லெப்பாஸ் ஷிப்ட்:
அண்ணே, உத்தரப்பிரதேசம் பண்டா பக்கம் சம்பத் பால் சேர்த்த குலாபி கும்பல் எந்த வெளிநாடு? கிராமத்துப் பெண்கள், எல்லாருக்கும் ரோசாக் கலர் சேலை, கையில் தடி. பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். நீங்கள் சொல்கிற அதே சேலைதான்.

என் கதை பினாங்கில். 2015-இல் அரசாங்கக் கவுண்டரில் பெண்களுக்குக் கைலி கொடுத்துக் கட்டச் சொன்ன செய்திகள் வந்ததே, அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. பாவாடை முட்டிக்கு இரண்டு விரல் மேலே. வாசலில் இருந்த மக்சிக் (மலாய்க்கார அம்மா) கூடையிலிருந்து ஒரு பாத்திக் கைலியை எடுத்து நீட்டினார். எத்தனை பேர் கட்டியதோ, ஒரே வியர்வை நாற்றம்.

மறுவாரம் நைட் ஷிப்ட் முடிந்து நாங்கள் நாலு பேர் போனோம். எங்கள் பாட்டிமார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனதுபோல் கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் போனோம், பார்த்தார்கள். மக்சிக் மட்டும் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, "நேத்து என் மகளுக்கே நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அப்புறம் கதவைத் திறந்துவிட்டார். அவரை மடக்கத்தானே அவ்வளவு வேசம் போட்டோம்?

ஊசிநூல்:
நான் பிரிக்பீல்ட்ஸில் தைக்கிறேன். கல்யாண ரவிக்கையில் மாப்பிள்ளை பெயரை ஆரி வேலை செய்யக் கேட்பார்கள். ஒரு பொண்ணு முதுகில் "பார்த்தாச்சா? நகரு" என்று போடச் சொன்னாள். "நகரு"வுக்கு எந்த ர என்று எனக்கே சந்தேகம் வந்து மகனைக் கேட்டேன். அவ்வளவுதான் என் கதை.

செந்தூல் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன். இரும்புக்கு அடிக்கிற ஸ்பிரேயைத் துணியில் அடித்தால் விறைத்துப்போய் வெடிப்பு விடும். துணிக்கென்றே அக்ரிலிக் பெயின்ட் இருக்கிறது, அதை வாங்குங்கள். பருத்தியாக இருந்தால் நல்லது. முதலில் ஒரு தடவை அலசிக் காயப்போடுங்கள். முன்பக்கத்தில் ஊறாமல் இருக்க நடுவில் அட்டை வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, உள்பக்கமாகத் திருப்பி அயர்ன் பண்ணினால் பிடித்துக்கொள்ளும். அப்படிச் செய்திருந்தால் பாட்டி விரலில் ஒட்டியிருக்காது.

கேட்காவிட்டாலும் இன்னொன்று. பாலியல் தொல்லைக்கு எதிராக மலேசியாவில் 2022-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, சட்டம் 840. அதன் கீழ் உள்ள நடுவர் மன்றம் 2024 முதல் புகார் வாங்குகிறது. வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். இழப்பீடு 250,000 ரிங்கிட் வரை கொடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. பினாங்கில் இருப்பவர்கள் டபிள்யூசிசி என்கிற பெண்கள் உதவி மையத்துக்குப் போய்க் கேளுங்கள், 1985 முதல் இருக்கிறார்கள். மெசேஜ், படம் எதையும் அழிக்காதீர்கள். தேதியைக் கையோடு எழுதி வையுங்கள்.

செந்தூல்காரி:
பெயின்ட் யோசனைக்கு நன்றிக்கா, ஏழு வருசம் லேட்.
தொண்டர்படை அண்ணே, அந்தப் பொண்ணுக்கு ஊக்கு குத்தினீர்களே, ரவிக்கை எப்படி இருந்தது?

தொண்டர்படை:
மூடின ரவிக்கைதான் தங்கச்சி. கழுத்து வரைக்கும். மூன்று ஊக்கு தேவைப்பட்டது.