மறுமொழி: ‘ஹைப்ரிட் மாநாடு’ – கலப்பினமா, ஈரரங்கா?

நண்பர்களுக்கு வணக்கம். நேரிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் நடக்கும் ‘ஹைப்ரிட் மாநாடு’ என்பதற்கு நம் குழுவில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் வந்த ஒரு கருத்துக்கு இது என் மறுமொழி:

> ‘கலப்பின மாநாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் நடக்கிற காரியத்துக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. கலப்பின விதையில் தாய், தந்தை இரண்டின் குணமும் ஒரே விதைக்குள் கலந்திருக்கும், பிரித்தெடுக்க முடியாது. மாநாட்டில் அப்படி எதுவும் கலப்பதில்லை. அண்மையில் ஒரு கருத்தரங்கில் இணையம் வழியாகக் கலந்துகொண்டேன். தேநீர் இடைவேளை வந்ததும் அரங்கில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இருபது நிமிடம் என் திரையில் காலி நாற்காலிகள்தான். வெளியே அவர்கள் பேசிச் சிரிப்பது மங்கலாகக் கேட்டது. கேள்வி நேரத்திலும் ஒலிவாங்கி அரங்குக்குள்ளேயே சுற்றி வந்தது. நாங்கள் அரட்டைப் பெட்டியில் எழுதியவற்றை நெறியாளர் எடுத்தபோது நேரம் முடிந்திருந்தது. இதைக் கலப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2020 பிப்ரவரியில், கொரோனா பரவியபோது, பார்சிலோனாவின் மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் என்ற கைபேசித் துறை மாநாடு கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடக்கவிருந்த ஐசிஎல்ஆர் என்ற இயந்திரக் கற்றல் ஆய்வு மாநாடு முழுக்க இணையத்துக்குப் போனது. அன்று நேரில் அல்லது இணையத்தில், இரண்டில் ஒன்றுதான். இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இனியும் நடக்கும் என்றே நினைக்கிறேன். நிறுவனங்களின் பசுங்குடில் வாயுக் கணக்கில் அலுவல் பயணத்துக்குத் தனி வகையே இருக்கிறது. விமானச் சீட்டு வாங்குமுன் யோசிக்கும் பழக்கம் கூடத்தான் செய்யும்.

ஆகவே என் பரிந்துரை ‘ஈரரங்க மாநாடு’. நேரில் கூடுவது நேரரங்கு, திரையில் கூடுவது இணையரங்கு, இரண்டும் சேர்ந்தால் ஈரரங்கு. ஒரு சொல்லிலிருந்து மற்றவை தாமாகக் கிளைக்கின்றன. அதோடு, இரண்டு அரங்கு என்று பெயரிலேயே சொல்லிவிட்டால், இரண்டுக்கும் தனித்தனி நெறியாளரும் ஒலி ஏற்பாடும் வேண்டும் என்று அமைப்பாளருக்கும் உறைக்கும். இதற்காகவே இந்தச் சொல்லை விரும்புகிறேன்.

‘ஈரமான அரங்கு’ என்று படித்துவிடுவார்கள் என அம்மா ஒருவர் எழுதியிருந்தார். ஈரடிக் குறளை யாரும் நனைந்த அடி என்று படிப்பதில்லையே, அம்மா. சைக்கிளுக்கான ‘ஈருருளி’யும் அப்படித்தான் பழகியது. ‘இருதள மாநாடு’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் சொல்லிப் பார்த்தால் இரண்டு மாடிக் கட்டடம்தான் கண்ணில் வருகிறது. ‘இணைவழி’ வேண்டவே வேண்டாம். ஓர் எழுத்து விட்டுப்போனால் ‘இணையவழி’ அதுவாகிவிடும்.

இன்னொன்று. ‘பிசினஸ் டிராவல்’ என்பதை ‘வணிகப் பயணம்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். கட்டுரை வாசிக்கப் போகும் பேராசிரியர் என்ன வணிகம் செய்கிறார்? ‘அலுவல் பயணம்’ போதும். வேலை முடிந்து இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வரும் ‘பிளெஷர்’ (bleisure: பிசினஸ் + லெஷர்) பயணத்துக்குப் ‘பணியுலா’ எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ‘வெபினார்’ என்பதற்கும் சிலர் ‘இணையரங்கு’ என்று எழுதுகிறார்கள். அதற்கு ‘இணையவழிக் கருத்தரங்கு’ என்ற நீண்ட வடிவத்தையே வைத்துக்கொண்டு, இணையரங்கை இங்கே எடுத்துக்கொள்ளலாமா? குழுவில் ஐயா ஒருவர் முன்பு இதை எதிர்த்தார். அவர் கருத்தைக் கேட்டபின் நம் சொற்பட்டியலில் சேர்க்கிறேன்.

அன்புடன்